பழக்கம் எங்கே குடியிருக்கிறது?

1971 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ராபர்ட் ஸ்டீல், மோர்கன் மர்ஃபி இருவரும் ஓர் அறிக்கையை முன்வைத்தார்கள். வியட்நாமில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்பது அதன் சாரம். அங்கே ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. சிகரெட்டில் கலந்து புகைத்தாலே போதை ஏறும் அளவுக்குத் தூய்மையாகவும் இருந்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பப்போகிறார்கள் என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்துக்கொண்டது. ஜூன் மாதமே அதிபர் நிக்சன் போதைத் தடுப்புக்கென ஒரு தனி அலுவலகத்தை அமைத்து, மனநல மருத்துவர் ஜெரோம் ஜாஃபியை அதன் தலைவராக்கினார். நாடு திரும்பும் வீரர்கள் விமானம் ஏறுமுன் சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும், போதைப்பொருள் தென்பட்டால் உடல் அதிலிருந்து விடுபடும்வரை அங்கேயே தங்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

திரும்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கண்டறியும் பொறுப்பு செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் லீ ராபின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் வியட்நாமை விட்டுக் கிளம்பிய தரைப்படை வீரர்களில் ஏறத்தாழ 900 பேரை அவருடைய குழு நாடெங்கும் தேடிச் சென்று பேட்டி கண்டது. உண்மை நிலை நாடாளுமன்ற அறிக்கை சொன்னதைவிட மோசமாக இருந்தது: வீரர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அபினையோ ஹெராயினையோ அங்கே தொட்டிருந்தார்கள், ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஆனால் அடுத்து வந்த எண்களை எவரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் பத்து மாதங்களுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும், சிறிது காலமேனும் மீண்டும் விழுந்தவர்கள் 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இவர்களில் பெரும்பாலோர் ஊரில் எந்தச் சிகிச்சையும் பெற்றவர்கள் அல்லர்.

இதன் அருகில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே மத்திய அரசு 1935 முதல் ஒரு மருத்துவமனையை நடத்திவந்தது. அங்கே சிகிச்சை முடித்து நியூயார்க் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1962இல் வெளியானது. பத்தில் ஒன்பது பேர் மீண்டும் அதே பழக்கத்தில் விழுந்திருந்தார்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் ஆறே மாதத்தில். முறையான சிகிச்சை பெற்றவர்கள் தோற்றார்கள். சோதனையும் சில நாள் காவலும் மட்டுமே கண்டவர்கள் மீண்டார்கள். வேறுபாடு எங்கே? லெக்சிங்டன் நோயாளிகள் தங்களைக் குணமாக்கிய இடத்தை விட்டு, பழக்கம் பிறந்த தெருவுக்குத் திரும்பினார்கள். வீரர்களோ பழக்கம் பிறந்த இடத்தையே விட்டுவிட்டு, அதன் சுவடு இல்லாத வீட்டுக்கு வந்தார்கள். இந்த ஒப்பீட்டிலிருந்து நான் வந்தடையும் வாதம் இது: பழக்கத்தை ஒரு மனிதருடைய குணத்தின் பகுதியாக நினைக்கிறோம், உண்மையில் அது அந்த மனிதருக்கும் அவர் புழங்கும் சூழலுக்கும் இடையே உள்ள ஓர் உறவு. உறவின் ஒரு முனையான மனத்தை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால்தான் நம் முயற்சிகள் திரும்பத் திரும்பத் தோற்கின்றன.

வியட்நாம் கதையை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயம். அந்த இளைஞர்கள் ஹெராயினைப் பெரும்பாலும் புகைத்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் அதன் விலை பல மடங்கு அதிகம், தரமோ மட்டம். போர் முடிந்து வீடு திரும்புகிற ஆளுக்கு வேலை, குடும்பம் என்று மனத்தைப் பிடிக்க வேறு விஷயங்கள் இருந்தன. இவை எல்லாம் உண்மை. ஆனால் விலை, கிடைக்கும் விதம், கூட்டாளிகள், அன்றாட வேலை ஆகியவற்றைத்தானே சூழல் என்கிறோம். கிடைக்காததால் விட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது: அங்கே அடிமையாகியிருந்தவர்களில் பாதிப் பேர் ஊரிலும் ஹெராயினைத் தொட்டிருந்தார்கள், ஆனாலும் மிகச் சிலரே மீண்டும் சிக்கினார்கள். எனினும் ஒன்றாக மாறிய பல காரணங்களில் எது எவ்வளவு வேலை செய்தது என்பதை ஒரு வரலாற்று நிகழ்வு பிரித்துக் காட்டாது. அதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள் தேவை.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகலும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட சோதனை அவற்றுள் முக்கியமானது. எலிகளுக்கு ஹெராயினைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசியில் ஒரு பெரிய அளவை, பாதி எலிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அறையிலும், மீதிக்குப் பழகாத அறையிலும் செலுத்தினார்கள். வழக்கமான அறையில் இறந்தவை ஏறத்தாழ 32 விழுக்காடு; புதிய அறையில் 64 விழுக்காடு. அதே உடல், அதே மருந்து, அதே அளவு. மருந்தைத் தாங்கும் திறனில் ஒரு பங்கு அந்த அறையைச் சார்ந்திருந்தது: பழகிய இடத்தைக் கண்டதும் உடல் முன்கூட்டியே எதிர்வினைக்குத் தயாரானது, புதிய இடத்தில் அந்த முன்னேற்பாடு நடக்கவில்லை. லெக்சிங்டனில் பணியாற்றிய ஏபிரகாம் விக்லர் 1940களிலேயே இதன் மறுபக்கத்தைக் கவனித்திருந்தார். பல மாதம் போதையின்றி நலமாக இருந்த ஒருவருக்கு, தான் பழகிய சூழலுக்குத் திரும்பினாலே போதை கேட்டு உடல் படுத்தும் அவதிகள் தொடங்கிவிடலாம் என்பது அவருடைய விளக்கம்.

போதை தீவிரமான உதாரணம். சாதாரணப் பழக்கங்களிலும் இதே அமைப்பு தெரிகிறது. வெண்டி வுட்டும் டேவிட் நீலும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், திரையரங்கில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழசாகிப்போன பாப்கார்னும் தரப்பட்டன. தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் கொறிப்பவர்கள் பழசையும் புதுசைப் போலவே தின்றார்கள். அது நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனாலும் கை நிற்கவில்லை. அதே பாப்கார்னை ஒரு கூட்ட அறையில் கொடுத்தபோது, பழசை ஒதுக்கினார்கள். தியேட்டரிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் தின்னச் சொன்னபோதும் ஒதுக்கினார்கள். இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் ஆடம்ஸும் ஆந்தனி டிக்கின்சனும் எலிகளிடம் கண்டதும் இதுதான். குறைவாகவே பழகிய எலி, சர்க்கரை உருண்டை குமட்டலைத் தருமென்று தெரிந்ததும் நெம்புகோலை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான தடவை பழகிய எலியோ அழுத்திக்கொண்டே இருந்தது. பலனுக்காகத் தொடங்கிய செயல், திரும்பத் திரும்பச் செய்யும்போது பலனை விட்டு விலகி, அதைத் தூண்டும் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. இதனால்தான் கெடுதி என்று எடுத்துச் சொல்வது அவ்வளவாகப் பயன்படுவதில்லை. புகைப்பவருக்குப் புகையின் தீமை தெரியாமல் இல்லை. அந்த அறிவு பழக்கம் இயங்கும் பாதையில் குறுக்கே வருவதே இல்லை.

அப்படியானால் மன உறுதி? அதை ஒரு சேமிப்பாகக் கருதும் கொள்கை நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. ராய் பௌமைஸ்டர் குழுவினர் 1998இல், மணக்கும் சாக்லேட் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்ன வேண்டியிருந்தவர்கள், அடுத்து வந்த தீர்க்க முடியாத புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள் என்று காட்டினார்கள். கட்டுப்பாடு செலவாகித் தீர்ந்துபோகும் என்று விளக்கினார்கள். 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்தக் கொள்கையைச் சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை. அதைவிடச் சுவையானது வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு 2012இல் வெளியிட்ட ஜெர்மானிய ஆய்வு. 205 பேரிடம் ஒரு வாரம் கைபேசிக் கருவிகளைக் கொடுத்து, நாளில் பல முறை அவர்களுடைய ஆசைகளையும் போராட்டங்களையும் பதிவு செய்யச் சொன்னார்கள். சுயக்கட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். நேர்மாறாக, அவர்கள் குறைவாகவே போராடினார்கள். பிரையன் கல்லாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015இல் இதற்குக் காரணம் சொன்னார்கள்: அவர்களிடம் நல்ல பழக்கங்கள் ஏற்கெனவே படிந்திருந்தன. நாம் மன வலிமை என்று வியப்பது பல நேரங்களில் சண்டையை வெல்லும் திறமை அல்ல. சண்டை வராதபடி நாளை அமைத்துக்கொண்ட திறமை.

இங்கே ஒரு கனமான மறுப்பு எழுகிறது. எல்லாம் சூழல்தான் என்றால் மனிதருக்குப் பொறுப்பே இல்லையா? குடித்துவிட்டு வீட்டில் கைநீட்டுகிறவர் தெருமுனைக் கடையைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ளலாமா? கூடாது. இந்த ஆய்வுகள் பொறுப்பை நீக்கவில்லை. அதன் நேரத்தை மாற்றுகின்றன. தூண்டல் கண்முன் நிற்கும் கணத்தில் விருப்பத்துக்கு இருக்கும் பலம் சிறிது. ஆனால் காலை எட்டு மணிக்கு, தெளிந்த நிலையில், மாலை எந்த வழியாக வீடு திரும்புவது, சம்பளப் பணத்தை யாரிடம் கொடுத்து வைப்பது, எந்த நண்பரின் அழைப்பை எடுக்காமல் விடுவது என்று முடிவு செய்யும் பலம் பெரிது. பலம் இருக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்தாமல் விட்டதற்குத்தான் ஒருவரைக் கேள்வி கேட்க வேண்டும். இது பொறுப்பைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செய்யக்கூடிய ஒன்றின் மேல் அதைக் கொண்டுபோய் வைக்கிறது. ஓர் எச்சரிக்கையும் தேவை: நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். அங்கே உடல் சார்ந்திருத்தலுக்கு மருத்துவம் முதலில், சூழல் பிறகு.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. வீட்டையும் வேலையையும் மாற்றிக்கொண்டு போக எத்தனை பேரால் முடியும்? தவிர, கைபேசி பையிலேயே இருக்கிறது. நகம் கடிப்பவரின் விரல் அவரோடுதான் வருகிறது. சலிப்பும் கோபமும் போகுமிடமெல்லாம் தொடர்கின்றன. இடம் மாறுவது சூழல் மாற்றத்தின் ஒரு வகை மட்டுமே என்பதே இதற்கு விடை. நாதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973இல் வெளியிட்ட சிகிச்சைமுறை, நகம் கடித்தல், தன்னிச்சையான தசைத் துடிப்பு போன்றவற்றுக்காக உருவானது. பழக்கம் தொடங்கப்போகும் முதல் அசைவைக் கண்டுகொள்ளப் பயிற்சி. கண்டதும் அதோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறோர் அசைவை, உதாரணமாகக் கையை இறுக மூடிக்கொள்வதை, சில நிமிடம் செய்தல். தூண்டலை அகற்ற முடியாதபோது, அது போய்ச் சேரும் இடத்தை மாற்றும் வழி இது. பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வகைத் திட்டங்களும் இப்படிப்பட்டவை. இவற்றைச் சோதித்த 94 ஆய்வுகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் தொகுத்துப் பார்த்து, வெறும் தீர்மானத்தைவிட இவை கணிசமாகப் பயன்படுவதைக் காட்டினார்கள். ஆனால் வேரூன்றிய புகைப்பழக்கத்தின் முன் இத்திட்டங்கள் பலமிழந்தன என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பழக்கம் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு மனத்துக்குள் போடும் திட்டம் மட்டும் போதாது. புறத்திலும் ஏதாவது மாற வேண்டும்.

நடந்த வருத்தத்தையே மனத்தில் திரும்பத் திரும்ப உழற்றும் வழக்கத்துக்கும் இது பொருந்தும் என்கிறார் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ். மனச்சோர்வு வந்தவரிடம் இந்த உழற்றல், தளர்ந்த மனநிலை என்ற தூண்டலுக்குப் பழகிப்போன பதிலாகச் செயல்படுகிறது என்பது அவரும் சூசன் நோலன்-ஹூக்ஸிமாவும் 2014இல் எழுதிய கருத்து. ‘நினைக்காதே’ என்று சொல்வதால் அது நிற்பதில்லை. எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருக்கையில் தொடங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ‘ஏன் எனக்கு இப்படி’ என்பதை விட்டு ‘இது எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்’ என்ற திசைக்கு மனத்தைப் பழக்குவதே அவருடைய சிகிச்சைமுறையின் அடிப்படை.

மூன்றாவது மறுப்பை முழுதாக வெல்ல முடியாது. ஏற்றுக்கொண்டுதான் மேலே போக வேண்டும். சூழல் மாறினால் பழக்கம் மாறும் என்பது உண்மையானால், சூழல் திரும்பினால் பழக்கமும் திரும்புமே? திரும்பும். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் பல்லாண்டு ஆய்வுகளில் காட்டியது இது: ஓர் அறையில் கற்ற எதிர்வினையை இன்னோர் அறையில் மறக்கடித்தாலும், பழைய அறைக்குக் கொண்டுபோனதும் அது மீண்டும் எழுகிறது. மறப்பது அழிப்பது அல்ல. பழையதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு கட்டுண்டிருக்கிறது. எம்ஐடி நிறுவனத்தில் ஆன் கிரேபியல் குழு 2012இல் எலிகளின் மூளைப் புறணியில் ஒரு சிறு பகுதியை ஒளியால் செயலடக்கியபோது, ஊறிப்போன பழக்கம் நின்று புதிய ஒன்று உருவானது. பிறகு அதே பகுதியை மீண்டும் அடக்கியதும், புதியது மறைந்து பழையது தலைகாட்டியது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற சொலவடை இந்த அளவுக்குச் சரி: பழக்கம் சாவதில்லை. அது ஆட்சி செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதைத்தான் சொலவடை விட்டுவிட்டது. இதிலிருந்து கிடைக்கும் பாடமும் எளிது. ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் தங்கித் தேறியவரை, எதுவும் மாறாத அதே வீட்டுக்கும் அதே கூட்டத்துக்கும் அனுப்பிவிட்டு, மீண்டும் விழுந்ததும் ஏசுவது லெக்சிங்டன் செய்த தவற்றைத் திரும்பச் செய்வதாகும். சிகிச்சையின் ஒரு பகுதி வீட்டிலும் தெருவிலும் நடந்தாக வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் பற்றிப் பரவியுள்ள கணக்கும் தோல்வியை வளர்க்கிறது. 21 நாள் என்ற எண், ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்ற அவருடைய கவனிப்பு, கைமாறிக் கைமாறிப் பழக்கங்களின் பொதுவிதி ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது போக்கைக் கெடுக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் தன்னைத் தோற்றவராக எண்ணிக் கைவிடுகிறவர், பாதி வழிகூடத் தாண்டாமல் திரும்பிவிடுகிறார். மாற்றத்தைத் தொடங்க ஏற்ற நேரம் எது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பயணிகள் வேறு வழிகளைத் தேட நேர்ந்தது. வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் அவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் புதிய வழியிலேயே நீடித்தார்கள் என்று பொருளியலாளர்கள் பயண அட்டைப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். சின்ன எண்தான், ஆனால் யாரும் அறிவுரை சொல்லாமல், வழக்கம் இரண்டு நாள் அறுந்ததால் மட்டுமே வந்த எண். புது வேலை, புது வீடு, குழந்தைப் பிறப்பு போன்ற இடைவெளிகள் மாற்றத்துக்கு வாய்த்த காலங்கள். அவற்றைப் பழைய ஒழுங்கை மீட்பதற்கே பயன்படுத்துவது வீண்.

சூழலைத் தனி மனிதர் மட்டும் அமைப்பதில்லை என்பதால், இந்த வாதம் வீட்டு வாசலோடு நிற்க முடியாது. பொது இடங்களில் புகைப்பதை இந்தியா 2008 அக்டோபர் 2 முதல் தடை செய்தது. அமலில் ஆயிரம் ஓட்டை இருந்தாலும், பேருந்து, அலுவலகம் என்று பல இடங்களைப் புகையின் தூண்டலிலிருந்து பிரித்தது அந்தத் தடை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாக அரசின் கையிலேயே இருக்கிறது. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை அரசு தீர்மானிக்கிறது. மது கேடு என்ற எச்சரிக்கை குடிப்பவருக்குச் சொல்லப்படுகிறது. 2016 மே மாதம் திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து நண்பகலுக்குத் தள்ளி, 500 கடைகளை மூட ஆணையிட்டபோது, எச்சரிக்கை வாசகத்தால் ஆகாததை நேரமும் தூரமும் செய்யக்கூடும் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும். கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பது பலமான எதிர்வாதம். முழுத் தடைக்கு எதிராக அது நிற்கும். தூரம், நேரம், பள்ளி வழி, சம்பள நாள் ஆகியவற்றை யோசித்து விற்பனையை அமைப்பதற்கு எதிராக அது நிற்காது.

மாறாத நடத்தையைக் காணும்போது நாம் கேட்கும் முதல் கேள்வியே பிழையானது. ‘ஏன் இவருக்கு உறுதி இல்லை?’ என்று கேட்டால் கிடைக்கும் விடை பழியாகத்தான் இருக்கும்; பழிபட்டவருக்கு அடுத்த நாள் செய்ய ஒன்றும் கிடைப்பதில்லை. ‘எங்கே, எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது நடக்கிறது? அதற்கு முந்திய கணத்தில் என்ன இருந்தது?’ என்று கேட்டால் விடைகள் சாதாரணமாக இருக்கும்: ஒரு வழி, ஒரு நேரம், ஒரு மேசை, ஒரு நண்பர். சாதாரணமாக இருப்பதாலேயே அவற்றை மாற்ற முடியும். எல்லாப் பழக்கமும் இதனால் தீர்ந்துவிடாது. வறுமையும் நோயும் தனிமையும் சேர்ந்து இறுக்கிய பழக்கங்களுக்கு அவை தளராமல் விடுதலை இல்லை. ஆனால் தோற்றவர் தன்னை வெறுப்பதை நிறுத்திவிட்டு, தன் நாளை உற்றுப் பார்க்கத் தொடங்கினால், மன உறுதிக்கு அதனால் முடிந்த வேலை ஒன்று கிடைக்கிறது.